பழைய நாணயம் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பொருள் சந்தையில் நாணயம் வாங்கி ஏமாந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "ஆளைப் பார்த்தால் ரொம்ப நல்லவராகத் தெரிந்தார்" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். முதல் தவறே அங்கேதான் இருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறோம், கையில் இருக்கும் காசை எடை போடுவதில்லை. ஏமாற்றுவதையே தொழிலாகச் செய்பவர் முகத்தை நன்றாகத்தான் வைத்திருப்பார். காசுக்கு அந்த வித்தை தெரியாது. அதன் எடை, விளிம்பு, ஆண்டு ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

கதைகள் பல வகை. "தாத்தா பெட்டியில் இருந்தது", "வீடு இடிக்கும்போது கிடைத்தது" என்பவை பழையவை, அவற்றைக் கேட்டதும் பலர் உஷாராகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இவற்றை விட ஆபத்தானது, "எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாதுங்க, நீங்களே பார்த்து ஒரு விலை சொல்லுங்க" என்பதுதான். இதைக் கேட்டவுடன் 'இவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கிறது' என்ற ஆசை வந்துவிடும். அப்புறம் சோதித்துப் பார்க்க மனம் வராது. அவர் விழித்துக்கொள்வதற்குள் காசைக் கொடுத்து வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் வரும். அந்த அவசரத்தை நம்பித்தான் அவர் கடையே போட்டிருக்கிறார். "இப்பத்தான் ஒருத்தர் பார்த்துட்டுப் போனார், திரும்பி வரேன்னு சொல்லியிருக்கார்" என்பதும் இதே ரகம்.

எதுவும் படிக்காமல் போவது

எல்லா நாட்டு நாணயமும் பார்க்கலாம் என்று கிளம்புவது ஆரம்பத்தில் பலரும் செய்யும் தவறு. ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, அதன் எடை, விட்டம், உலோகம், எந்தெந்த ஆண்டில் எந்த நாணயச்சாலையில் அடித்தார்கள் என்பதை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

உதாரணத்துக்கு, உலகம் முழுக்கப் போலிகள் சுற்றும் அமெரிக்க மார்கன் வெள்ளி டாலரை எடுத்துக்கொள்வோம். எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி. 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் அடித்தார்கள். நூறாண்டு கழித்து 2021-இல் நினைவு வெளியீடாக மீண்டும் வந்தது. கார்சன் சிட்டி நாணயச்சாலையின் 'சிசி' குறி உள்ளவற்றுக்கு மதிப்பு அதிகம், அதனால் போலியும் அதிகம். ஆனால் 1886, 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் அந்த நாணயச்சாலை மார்கன் டாலர் அடிக்கவே இல்லை. 1888 என்ற ஆண்டோடு சிசி குறி இருந்தால் லென்ஸ் கூடத் தேவையில்லை, கீழே வைத்துவிட்டு நகரலாம். அதே மாதிரி, வெளிநாட்டு வணிகத்துக்கென்றே அடித்த அமெரிக்க வெள்ளிக் காசான 'டிரேட் டாலர்' 1873-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு பொறித்த டிரேட் டாலர்கள் சந்தைகளில் தட்டுப்படுவதுண்டு. அத்தனையும் போலி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்டு, ராமர், அனுமன் உருவங்களோடு வரும் செப்புக் காசுகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். கம்பெனி அப்படி ஒரு காசைப் புழக்கத்துக்கு விடவே இல்லை. பழசு மாதிரித் தெரியட்டும் என்று பின்னாளில் செய்யப்பட்ட வில்லைகள் அவை. 'அபூர்வ சக்தி உள்ளது' என்று யாராவது பெருந்தொகை கேட்டால், பதில் கூடச் சொல்லாமல் வந்துவிடுங்கள்.

நாணயம் உண்மையாக இருந்து, சொல்லும் வயது மட்டும் பொய்யாக இருப்பதும் உண்டு. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த 'தாலர்' என்ற வெள்ளிக் காசில் 1780 என்று இருக்கும். அது அவர் இறந்த ஆண்டு. வணிகர்கள் அந்தக் காசைத்தான் நம்பிக் கேட்டார்கள் என்பதால், அதே ஆண்டைப் போட்டு அதற்குப் பிறகும் தொடர்ந்து பல நாடுகளில் அடித்தார்கள். ஆகவே கையில் இருப்பது நல்ல வெள்ளிதான், ஆனால் 'இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு' என்ற விலைக்கு அது தகுதியானதா என்பது வேறு விஷயம்.

வெறும் கையோடு போவது

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், விட்டமும் தடிமனும் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு நல்ல காந்தம். நாலும் ஒரு பையில் அடங்கிவிடும். "எடை போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டதும் விற்பவர் முகம் சுளித்தால், அந்தச் சோதனையின் முடிவு அப்போதே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நேர்மையான வியாபாரி தானே தராசை எடுத்துக் கொடுப்பார்.

தேய்ந்த காசு கொஞ்சம் எடை குறையும், அது இயல்பு. ஆனால் புதுக் கருக்கு மாறாத மார்கன் டாலர் 24 கிராம் காட்டினால் அதற்கு விளக்கமே கிடையாது. எடை சரியாக இருந்தாலும் விட்டம், தடிமன் இரண்டையும் அளந்துவிடுங்கள். செம்பு, பித்தளை போன்றவை வெள்ளியை விட அடர்த்தி குறைந்தவை. எடையைச் சரிக்கட்ட காசைத் தடிமனாக்கியே ஆக வேண்டும். தங்கத்தில் கதை வேறு. டங்ஸ்டனின் அடர்த்தி கிட்டத்தட்ட தங்கத்தின் அடர்த்தியேதான். அதனால் தங்க நாணயத்தில் எடையையும் அளவையும் மட்டும் நம்ப முடியாது. சந்தையில் தங்கம் வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

காந்தத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வெள்ளிக் காசு என்று சொல்வது காந்தத்தில் ஒட்டினால் அது போலி, சரி. ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி ஆகிவிடாது. செம்பு, பித்தளை, ஈயம் எதுவும்தான் ஒட்டாது. 1943-ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட்டில் காந்தம் அழகாக உதவும். போரில் செம்புக்குத் தட்டுப்பாடு என்று அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாகச் செம்புக் கலவையில் விழுந்த சில காசுகளுக்கு இன்று பெரும் மதிப்பு. அதைப் பயன்படுத்தி, எஃகு சென்ட்டின் மேல் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். அது காந்தத்தில் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். எடையும் சுமார் 2.7 கிராம்தான் இருக்கும், செம்பு என்றால் 3.1 கிராம் இருக்க வேண்டும்.

தலையை மட்டும் பார்ப்பது

பெரும்பாலானவர்கள் முன்பக்கம், பின்பக்கம் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். விளிம்பைப் பாருங்கள். வார்ப்பில் செய்த போலியில் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் ஒரு மெல்லிய கோடாக விளிம்பைச் சுற்றி ஓடும். அதை அரத்தால் தேய்த்து மறைத்திருந்தால், விளிம்பின் வரிகள் அங்கங்கே மழுங்கியும் சாய்ந்தும் இருக்கும். பரப்பில் சிறு கொப்புளங்களும் ஊசித் துளைகளும் தெரியும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் சோப்பில் செதுக்கியது போல் வழவழப்பாக இருக்கும். ஒரே மாதிரி நாலைந்து காசுகள் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன்னத்தில் ஒரே இடத்தில், ஒரே வடிவில் கீறல் எல்லாவற்றிலும் இருந்தால், ஒரு காசிலிருந்து அச்செடுத்து மற்றவற்றைச் செய்திருக்கிறார்கள்.

இன்னும் நுட்பமானது, நிஜக் காசையே திருத்துவது. 1914-ஆம் ஆண்டு டென்வரில் அடித்த லிங்கன் சென்ட் கிடைப்பது அரிது, 1944-இல் அடித்தது ஏராளம். 1944-இன் முதல் '4'-ஐச் சுரண்டி '1' ஆக்கிவிட்டால் ஆண்டு 1914 ஆகிவிடுகிறது. எடை, உலோகம், விளிம்பு எல்லாம் சரியாகவே இருக்கும். லென்ஸை வைத்தால்தான் பிடிபடும்: '9'-க்கும் '1'-க்கும் நடுவே இடைவெளி இயல்பை விட அகலமாக இருக்கும். அப்புறம் லிங்கனின் தோள் அடியில் வடிவமைப்பாளரின் 'விடிபி' என்ற முதலெழுத்துகள் தெரியும். அந்த எழுத்துகளை அங்கே சேர்த்தது 1918-இல். 1914-இல் அடித்த காசில் அவை இருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டு பக்கமும் தலை உள்ள 'பிழை நாணயம்' என்று காட்டினாலும் லென்ஸை எடுங்கள். ஒரு காசைக் குடைந்து இன்னொன்றை உள்ளே பொருத்தியிருப்பார்கள். விளிம்பின் உட்புறத்தை ஒட்டி வட்டமாக ஒரு இணைப்புக் கோடு இருக்கும்.

பளபளப்பிலும் பெட்டியிலும் மயங்குவது

பழைய வெள்ளிக் காசு கண்ணைப் பறிக்கும்படி மின்னினால் சந்தேகப்படுங்கள். தேய்க்காத காசை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தால் ஒளி ஆரங்களாகச் சுற்றி வரும். பாலிஷ் போட்டது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பளிச்சிடும், லென்ஸில் மெல்லிய கீறல்கள் தெரியும். இது போலி இல்லை, ஆனால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடிய கேடு.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரம் மதிப்பிட்டு மூடி அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் போலி உண்டு. பெட்டியில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, உண்மையான ஒரு எண்ணையே திருடிப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அங்கே படம் இருந்தால், படத்தில் உள்ள கீறலும் கறையும் கையில் உள்ள காசில் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

அட்டை உறையில் ஒட்டிவைத்த காசை, உறையைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 1973-இல் வந்த சட்டப்படி நாணய நகல்களில் 'நகல்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பொறிக்க வேண்டும். அந்த எழுத்தை உறையின் ஓரத்துக்கு அடியில் மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பிரிக்க விடமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். விற்பவரின் பெயரும் தொடர்பு எண்ணும் போட்டு, 'போலி என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்' என்று இரண்டு வரி எழுதித் தரவும் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் சில்லறை மதிப்புக்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம்.

வாங்கி வந்த காசை வீட்டில் உடனே தேய்த்துக் கழுவ உட்காராதீர்கள். சந்தேகம் வந்து திருப்பிக் கொடுக்கப் போனால், "நான் கொடுத்தது இப்படி இல்லையே" என்று அவர் சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகும். வந்த நிலையிலேயே இரு பக்கமும் விளிம்பும் தெரிய படம் எடுத்து, எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.