வீட்டுக்காரரிடம் சாசனம் பேசாதீர்கள்

டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த முதல் வருடம். தீபாவளியன்று சூடம் கொளுத்தினேன். புகை அலாரம் அலறியது, வீட்டுக்காரர் இறங்கி வந்தார், இனி இங்கே பூஜையே கூடாது என்றார். நான் கனடாவின் உரிமைகள் சாசனத்தை, அதாவது அரசியலமைப்பில் உள்ள அடிப்படை உரிமைகளின் பட்டியலை, எடுத்துப் பேசினேன். மனிதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

1982இல் வந்த சாசனத்தின் 2ஆம் பிரிவு மதம், கருத்து, பேச்சு, அமைதியாகக் கூடுவது எல்லாவற்றையும் காக்கிறது. 'ஒவ்வொருவருக்கும்' என்றே எழுதியிருப்பதால் குடியுரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அது கட்டுவது அரசின் கையை மட்டும்தான்: போலீஸ், நகராட்சி, அரசுப் பள்ளி. 2006இல் மொன்றியல் சீக்கிய மாணவர் ஒருவர் கிர்பானோடு (சீக்கியர்கள் மதக் கடமையாக அணியும் குறுவாள்) பள்ளிக்குப் போகும் உரிமையை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். எதிரே நின்றது பள்ளி வாரியம். அதனால் சாசனம் கைகொடுத்தது.

முதலாளி, வீட்டுக்காரர் என்றால் எடுக்க வேண்டியது நம் மாகாணமான ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம். பண்டிகைக்கு லீவு கேட்டால், நிறுவனத்துக்கு மிதமிஞ்சிய சிரமம் வராதவரை ஏதாவது வழி செய்து தர வேண்டும். சம்பளத்தோடுதான் என்றில்லை, ஷிஃப்டை மாற்றித் தரலாம். சில வாரம் முன்னதாக ஈமெயிலில் கேளுங்கள்; வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. மறுத்தால் ஒரு வருடத்துக்குள் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். வங்கி, விமானக் கம்பெனி வேலை என்றால் மத்திய அரசின் சட்டம், அது வேறு வாசல்.

பேஸ்மென்ட்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால், வாடகை வீட்டுக்கான பாதுகாப்பு இந்தச் சட்டத்தில் கிடைக்காது. நான் மாட்டியது இதில்தான். அடுத்த வீட்டில் தனிச் சமையலறை, தனிக் குளியலறை இருக்கிறதா என்று கேட்டபிறகுதான் வாடகையே பேசினேன்.

பேச்சுரிமைக்கு வருவோம். பிரதமரைத் திட்டலாம், பதாகை பிடிக்கலாம். ஒரு இனத்தின் மீதோ மதத்தின் மீதோ வேண்டுமென்றே வெறுப்பைப் பரப்பினால் குற்றவியல் சட்டம் வரும். 1990இல், மாணவர்களுக்கு யூத வெறுப்பைப் போதித்த ஆசிரியர் கீக்ஸ்ட்ராவின் வழக்கில், அந்தச் சட்டப் பிரிவு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அப்புறம், 2006 முதல் விடுதலைப் புலிகள் இங்கே பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் உள்ளனர். தெரிந்தே அவர்களுக்குப் பணம் கொடுப்பது குற்றம். நிதி கேட்டு யாராவது கதவைத் தட்டினால், காசு எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள்.