வின்டோஸ் 11 தானா இறங்கிறதையும் வேவு பாக்கிறதையும் மறிக்கிறது எப்பிடி

வன்னியில கன வீட்டில இருக்கிறது ஆரோ கொழும்பில இருந்து கொண்டுவந்து வித்த செக்கன்ட் ஹான்ட் லப்டொப்தான், 4 ஜிபி ரம், பழைய ஹார்ட் டிஸ்க், இன்ரநெற் எண்டால் சிம் போடுற ரவுட்டர் இல்லாட்டி அப்பாட போன் ஹொட்ஸ்பொட். பிள்ளையின்ர ஏஎல் சூம் வகுப்புக்கெண்டு போட்ட டேற்றா அரை மாசத்தில முடிஞ்சுபோகும், பிள்ளை யூடியூப் பாத்து முடிச்சிட்டுது எண்டு வீட்டில ஏச்சு விழும், கனதரம் முடிச்சது வின்டோஸ். சந்தேகம் எண்டால் செற்றிங்ஸ், நெற்வேர்க் அன்ட் இன்ரநெற், டேற்றா யூசேஜ் எண்டு போய்ப் பாருங்கோ, போன 30 நாளில எது எவ்வளவு திண்டது எண்டு வரிசையாக் காட்டும். அதில சிஸ்டம் மேல நிண்டால் பிள்ளையை ஏசாதேங்கோ.

நான் இதில சொல்லுறது வின்டோஸ் 10 ஓடுற மெசினுக்கு, அதில வின்டோஸ் 11 தானா இறங்கிறதையும் வின்டோஸ் வேவு பாக்கிறதையும் மறிக்கிறதுக்கு.

முதல் வேலை மீற்றர்ட் கனெக்சன், அதாவது இது அளந்து குடுக்கிற டேற்றா எண்டு வின்டோஸுக்குச் சொல்லுறது. வைஃபை பேரை அமத்தி புரொப்பர்ட்டீஸ்க்கு போனால் செற் அஸ் மீற்றர்ட் கனெக்சன் எண்டு ஒரு சுவிட்ச் இருக்கு, அதை ஓன் பண்ணுங்கோ. இதைப் போட்டால் பெரிய அப்டேற் தானா இறங்காது, வன்டிரைவ் (ஃபைல்களை இன்ரநெற்றில ஏத்தி வைக்கிற புரோகிராம்) ஒத்திசைக்கிறதும் நிக்கும். ஆனா கவனியுங்கோ, இது ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி, ரவுட்டருக்குப் போட்டிட்டு அடுத்த நாள் போன் ஹொட்ஸ்பொட்டில கனெக்ற் பண்ணினால் அங்க மீற்றர்ட் இல்லை, அது ஆசைதீர இழுக்கும். அப்டேற் பக்கத்தில அட்வான்ஸ்ட் ஒப்சன்ஸ்க்குள்ள மீற்றர்ட் கனெக்சனிலயும் இறக்கு எண்ட சுவிட்ச் ஓஃபில இருக்கோ எண்டும் பாருங்கோ. அதோட டெலிவரி ஒப்டிமைசேசன், மற்றக் கொம்பியூட்டர்களோட அப்டேற்றைப் பங்கு போடுற விசயம், வீட்டில ஒரு மெசின்தான் எண்டால் அதையும் ஓஃப் பண்ணுங்கோ.

கனபேருக்கு இவ்வளவும் காணும். நேரமில்லாத ஆக்கள் இதோட நிப்பாட்டலாம்.

இனி அப்கிரேட். இன்ரெல் 8ஆம் ஜெனரேசனுக்கு முந்தின சிபியூவும், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் இல்லாத மெசினும் எண்டால் வின்டோஸ் 11 பெரும்பாலும் உங்களிட்ட வராது, இந்தப் பகுதியை விட்டிட்டுக் கீழ போங்கோ. புது மெசின் எண்டால்தான் கரைச்சல். ரெடி எண்டு முழு ஸ்கிரீனையும் மறைச்சுக்கொண்டு வந்து நிக்கும், ஓம் எண்ட பட்டன் பெரிசா நீலத்தில, வேண்டாம் எண்டது பக்கத்தில சின்ன எழுத்தில. சின்னதுகள் அவசரத்தில அமத்திப்போடுவினம். மாரிக்கு மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இடி முழங்கினால் கரண்ட் போறது தெரிஞ்சதுதானே, பற்றி செத்த லப்டொப்பில பாதி அப்கிரேட் ஓடேக்க கரண்ட் போனால் பிறகு கடைக்காரனுக்குத்தான் காசு.

மறிக்கிறதுக்கு ரெஜிஸ்ட்ரியில, அதாவது வின்டோஸ் தன்ர செற்றிங்ஸ் எல்லாம் எழுதி வைக்கிற இடத்தில, மூண்டு வரி எழுதவேணும். முதல்ல ஒரு ரிஸ்ரோர் பொயின்ட் எடுத்து வையுங்கோ, பிழைச்சால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பிறகு வின்டோஸ் கீயோட ஆர் அமத்தி ரெஜெடிட் (regedit) எண்டு அடிச்சு, லோக்கல் மெசின், சொஃப்ட்வெயர், பொலிசீஸ், மைக்ரோசொஃப்ட், வின்டோஸ் எண்டு இறங்குங்கோ, அங்க வின்டோஸ்அப்டேற் (WindowsUpdate) எண்ட ஃபோல்டர் இல்லாட்டி நீங்களே உண்டாக்குங்கோ. அதுக்குள்ள டார்கெட்ரிலீஸ்வேர்சன் (TargetReleaseVersion) எண்டு ஒரு டீவேர்ட் (DWORD, இலக்கம் போடுற வகை), பெறுமதி 1. டார்கெட்ரிலீஸ்வேர்சன்இன்ஃபோ (TargetReleaseVersionInfo) எண்டு ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துப் போடுற வகை), பெறுமதி 22எச்2 (22H2), அது வின்டோஸ் 10இன்ர கடைசி வேர்சன். புரொடக்ட்வேர்சன் (ProductVersion) எண்டு இன்னொரு ஸ்ட்ரிங், பெறுமதி வின்டோஸ் 10 (Windows 10). பேருகளை இங்கிலீசில இடைவெளி விடாமல் அடிக்கவேணும், கடைசிப் பெறுமதியில மட்டும் 10க்கு முன்னால ஒரு இடைவெளி. ரீஸ்டார்ட் பண்ணினால் சரி.

ரெஜிஸ்ட்ரியில கை வைக்கப் பயம் எண்டால் ஸ்டீவ் கிப்சன் செய்து இலவசமா விட்ட இன்கொன்ட்ரோல் (InControl) எண்ட குட்டி புரோகிராம் இருக்கு, ஒரு பட்டனை அமத்த இதே வேலையை அது செய்யும், வேண்டாமெண்டால் திருப்பியும் விடும். சேர்ச்சில வாற கண்ட கண்ட புளொக்கர் எல்லாத்தையும் இறக்காதேங்கோ, வேவை மறிக்கப் போய் வைரசைக் கூட்டிக்கொண்டு வந்தமாதிரி முடியும்.

வேவு விசயம். ஹோம், புரோ எடிசனில டெலிமெட்ரியை, அதாவது மெசினில நடக்கிறதை மைக்ரோசொஃப்டுக்கு அனுப்புறதை, முழுசா நிப்பாட்ட மைக்ரோசொஃப்ட் விடாது, பூச்சியம் எண்டு போட்டாலும் அது கேக்கிறது என்டர்பிரைஸ், எடியுகேசன் எடிசனில மட்டும்தான், எங்கட மெசினில குறைஞ்ச மட்டம் போய்க்கொண்டுதான் இருக்கும். குறைக்கலாம். பிரைவசி, டயக்னொஸ்டிக்ஸ் அன்ட் ஃபீட்பாக் போய் றிக்குவயர்ட் மட்டும் எண்டதைத் தெரியுங்கோ, ரைப் பண்ணுறதைத் திருத்த அனுப்புறது, டெய்லர்ட் எக்ஸ்பீரியன்ஸ் ரெண்டும் ஓஃப், கீழ டிலீற் பட்டனையும் ஒருக்கா அமத்துங்கோ. ஜெனரல் எண்டதுக்குள்ள விளம்பர ஐடியும் ஓஃப். அடுத்தது சேர்விசஸைத் திறந்து கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அன்ட் டெலிமெட்ரி எண்டதை ஸ்டொப் பண்ணி டிசேபிள் போடுங்கோ. பெரிய அப்டேற்றுக்குப் பிறகு அது திரும்பி எழும்பியிருக்கும், இடைக்கிட பாருங்கோ.

பழைய ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கிற ஆக்களுக்கு இதுதான் முக்கியம். மெசினைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில டிஸ்க் லைற் விடாமல் எரிஞ்சு, மவுஸ் ஆமை மாதிரி ஊருதெண்டால் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கோ, கொம்பற்டெல்ரன்னர் எண்டு ஒண்டு 100 வீதம் டிஸ்க்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் ஆள் அதுதான். உங்கட மெசினில என்ன புரோகிராம் இருக்கு, அப்கிரேட்டுக்குத் தோதோ எண்டு கணக்கெடுக்கிற ஆள். அதை எழுப்புறது டாஸ்க் ஷெடியூலரில மைக்ரோசொஃப்ட், வின்டோஸ், அப்ளிகேசன் எக்ஸ்பீரியன்ஸ் எண்டதுக்குள்ள இருக்கிற கொம்பற்றிபிலிற்றி அப்ரைசர், அதை டிசேபிள் பண்ணுங்கோ.

எந்த இன்ரநெற் அட்ரஸ் எங்க போகவேணும் எண்டு எழுதியிருக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலில மைக்ரோசொஃப்ட் அட்ரஸ்களை எழுதி மறிக்கச் சொல்லிச் சிலபேர் சொல்லுவினம். 2020இல இருந்து வின்டோஸோட வாற வைரஸ் காவல்காரன் டிஃபென்டர் அதைக் கண்டால் ஆபத்து எண்டு கத்தி அழிச்சுவிடும், வீண்வேலை.

அப்டேற் சேர்விசையே முழுசாக் கொல்லிறதும் பிழை. பென்டிரைவ் ஊர் முழுக்கச் சுத்துற இடத்தில செக்கியூரிற்றி அப்டேற் இல்லாமல் இருக்கேலாது. வின்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 14 ஒக்டோபர் 2025ஓட முடிஞ்சுது, ஈஎஸ்யூ எண்ட நீட்டிச்ச செக்கியூரிற்றி அப்டேற் திட்டத்தில பதிஞ்சால் 13 ஒக்டோபர் 2026 வரைக்கும் வரும், ஒண்டில் 30 டொலர் கட்டவேணும், இல்லாட்டி மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டில போய் செற்றிங்ஸ் பாக்கப்பை ஓன் பண்ணினால் காசில்லை. வேவை மறிச்சுப்போட்டு அவையளிட்டயே எக்கவுண்ட் திறக்கிறது கேக்கச் சிரிப்புத்தான், ஆனா 30 டொலருக்கு நான் அதையே செய்வன். அப்டேற் வாறது மாசத்தில ரெண்டாவது செவ்வாய், எங்கட நேரத்துக்கு இரவு கனக்கப் பிந்தித்தான் வரும், அதால புதன் இரவு நைற் டேற்றா தொடங்கினாப்பிறகு மீற்றர்டை ஓஃப் பண்ணி செக் ஃபோர் அப்டேற்ஸ் அமத்திப்போட்டு, சார்ஜரைக் குத்தி விட்டிட்டுப் படுங்கோ, விடிய எழும்பித் திரும்ப ஓன் பண்ணிவிடுங்கோ.