உபுண்டுவும் விண்டோஸும் கோப்பு பகிர்ந்த கதை

கல்லடியில் தம்பி படக்கடை வைத்திருக்கிறான். படம் திருத்துவது விண்டோஸ் 11 லப்டொப்பில். சேமித்து வைப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய மேசைக் கணினியில். ஒரு கலியாண வீட்டுப் படம் 40 ஜிபி வரும். அதை பென் டிரைவில் அங்குமிங்கும் கொண்டுபோய் அலுத்துவிட்டது.

உபுண்டுவில் சம்பா (விண்டோஸோடு கோப்பு பகிர உதவும் மென்பொருள்) நிறுவினேன், ஒரு கோப்புறையைப் பகிர்ந்தேன். விண்டோஸ் கடவுச்சொல் கேட்டது. உபுண்டுவில் நுழையும் அதே சொல்லைக் கொடுத்தேன், பிழை என்றது. நாலைந்து தரம் தட்டியும் அதே பதில்தான். இரண்டு மணித்தியாலம் போனபிறகுதான் விளங்கியது: சம்பா தனக்கென்று வேறு கடவுச்சொல் பட்டியல் வைத்திருக்கிறது. டெர்மினலில் அதே பயனர் பெயரை சம்பாவிலும் சேர்த்து, புதுக் கடவுச்சொல் கொடுத்தேன். உபுண்டுவின் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டையும் திறந்தேன். அப்புறம் விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மனேஜரில் தங்கியிருந்த பழைய பதிவை அழித்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் உபுண்டு கணினியின் ஐபி முகவரியை \\192.168.1.20 என்று தட்டினேன். கோப்புறை திறந்தது!

சிலர் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையை இயக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். இப்போதைய சம்பாவுக்கு அது தேவையே இல்லை.

மறுநாள் கரண்ட் போய் வந்ததும் தொடர்பு அறுந்தது. ரவுட்டர் உபுண்டு கணினிக்கு வேறு ஐபி கொடுத்திருந்தது. ரவுட்டர் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டேன், சரி.