ஐஸ்லாந்தில் இயற்கை அழகைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ்லாந்தின் பேர்பெற்ற இடங்களில் பல சாலையை ஒட்டியே இருக்கின்றன. காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் அருவி, வெந்நீர் ஊற்று, கருமணல் கடற்கரை. இவ்வளவு சுலபமாகப் போய்ச் சேர முடிவதால் ஆபத்தும் இருக்காது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

வீக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெய்னிஸ்ஃப்யாரா கடற்கரையில் இந்த நினைப்பு உயிரையே வாங்கியிருக்கிறது. அங்கே பல அலைகள் சாதுவாக வந்து திரும்பும். அப்புறம் திடீரென்று ஒன்று, கரையில் நிற்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறைத் தூண்களின் அடிவரை ஏறி வரும். திரும்பும்போது காலுக்கடியில் இருக்கும் மணலையும் கூழாங்கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரோ உறைய வைக்கும் குளிர். படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். தூண்களுக்கு நடுவே உள்ள குகைக்குள் நிற்பவர்களுக்கு அலை வந்தால் ஓட வழியே இருக்காது. போகும் வழியில் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். அது சிவப்பாக எரிந்தால் மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அங்கிருந்தும் கடல் நன்றாகத்தான் தெரியும்.

அடுத்தது நாம் அந்த மண்ணுக்குச் செய்யும் கெடுதல். 1783-ல் லாகி எரிமலை வெடிப்பில் ஓடிய எரிமலைக் குழம்பின் மேல் இன்று பாசி மெத்தை போல் படர்ந்திருக்கிறது. மிதித்தால் பிய்ந்து வந்துவிடும். மறுபடி வளரப் பல வருடங்கள் ஆகும். ஃப்யாட்ரார்க்லியூவுர் பள்ளத்தாக்கு ஒரு பாடல் வீடியோவில் வந்த பிறகு கூட்டம் குவிந்து, பாதையோரச் செடிகொடிகள் நசுங்கி, 2019-ல் அதைச் சில மாதம் மூடவே வேண்டியதாயிற்று. கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். சாலையை விட்டு வண்டியை இறக்குவது அங்கே சட்டப்படி குற்றம்.

கெய்சிர் வெந்நீர் ஊற்றுப் பகுதிக்குப் போகிறவர்கள், அதே பெயருள்ள பெரிய ஊற்றின் முன்னாலேயே காத்திருக்க வேண்டாம். அது பொங்குவது மிக அபூர்வம். பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரோக்கூர் என்ற ஊற்றுதான் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பீய்ச்சி அடிக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக நின்றால் நனையாமல் பார்க்கலாம். தரையில் ஓடும் தண்ணீரில் கையை வைக்காதீர்கள், கொதிக்கும்.

பனிக்குகைகளைக் கோடையில் பார்க்க ஆசைப்பட வேண்டாம் என்பேன். 2024 ஆகஸ்டில் பிரேய்தாமெர்குர் பனிப்பாறையில் பனி இடிந்து விழுந்து ஒரு பயணி இறந்தார். குளிர்காலத்திலும் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

பயணத் திட்டத்திலும் பேராசை வேண்டாம். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து யோகுல்சார்லோன் பனி ஏரிக்கு ஒரு வழியே சுமார் 370 கிலோமீட்டர். டிசம்பரில் நான்கைந்து மணி நேரம்தான் வெளிச்சம். ஒரே நாளில் போய் வந்தால் பாதி வழி இருட்டில்தான். இரண்டு இடங்களைக் குறைத்துக்கொண்டு அங்கே ஓர் இரவு தங்குங்கள்.

கார் கதவைத் திறக்கும்போது கையை விடாதீர்கள். பலமான காற்று கதவையே பின்னுக்கு மடக்கிவிடும். வாடகை காரின் சாதாரணக் காப்பீட்டில் அந்தச் சேதம் பெரும்பாலும் சேராது.