முதல் குரூப் ரைடு: வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி ஏறி இறங்கி வருவது எப்படி?

தனியாக நன்றாக பைக் ஓட்டுகிறவர்களுக்கும், எட்டுப் பேரோடு சேர்ந்து மலை ஏறப் போகிறோம் என்றால் முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது. எங்கள் திண்டுக்கல் கிளப்பில் புதிதாகச் சேரும் தம்பிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, உங்க வேகத்துக்கு என்னால வர முடியுமா?" வர வேண்டாம். நாங்கள்தான் உங்கள் வேகத்துக்கு வருவோம். அதற்காக என்னென்ன ஏற்பாடு செய்கிறோம் என்பதை, புதியவர்களை முதன்முதலில் கூட்டிப் போகும் பாதையை வைத்தே சொல்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, காட்ரோடு, டம் டம் பாறை, ஊத்து. அங்கே கொடைக்கானல் சாலையை விட்டுப் பிரிந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி. இறங்குவது மங்களம்கொம்பு, பெரும்பாறை, சித்தரேவு, அய்யம்பாளையம் வழியாக. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம்.

சனிக்கிழமை: வண்டியைப் பாருங்கள்

டயர் சூடேறாமல் இருக்கும்போது, வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள். பின்னால் ஆள் உட்காரப் போகிறார் என்றால் அதற்கான அளவு தனியாக இருக்கும். செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. துடைத்துவிட்டு லூப் (செயினுக்கான மசகு) அடியுங்கள்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்க் பிரேக் என்றால் பேடு தேய்மானத்தோடு ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது, மலை இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. மழைக்கோட்டு, கணுக்காலை மூடும் ஷூ, கையுறை. வத்தலக்குண்டு வெயிலைப் பார்த்துவிட்டு யாரும் கையுறையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், ஓடும் காற்றுக் குளிர் வேறு. விரல் விறைத்துப்போனால் பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமாகும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. நாம் கொடை நகருக்குள் போகவில்லை என்றாலும் கொடைச் சாலையில்தான் ஏறுகிறோம். எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை: வத்தலக்குண்டு டீக்கடையில் பேச வேண்டியவை

முதலில் டேங்கை நிரப்பிவிடுங்கள், மேலே பங்க் இருக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். அப்புறம் டீ. டீ குடிக்கும் பத்து நிமிடத்தில்தான் நாள் முழுக்க நடக்கப்போவதை முடிவு செய்கிறோம். ஹெல்மெட்டைப் போட்ட பிறகு யாருக்கும் எதுவும் காதில் விழாது.

முன்னால் போகிறவர் பாதை தெரிந்தவர். அவருக்கு நேர் பின்னால் இருப்பவர் அன்றைக்குக் குழுவிலேயே புதியவர், அல்லது குறைந்த சிசி வண்டி வைத்திருப்பவர். பலரும் புதியவரைக் கடைசியில் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் வருகிறவர் ஒவ்வொரு வளைவுக்கும் பின்தங்கி, அதைப் பிடிக்க முறுக்கி, தன் திறமைக்கு மீறிய வேகத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த இடம் அனுபவசாலிக்கு. டூல் கிட், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி மூன்றும் அவரிடம் இருக்கும். அவரைத் தாண்டிப் பின்னால் நம் ஆள் யாரும் இருக்கக் கூடாது.

எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். நீளமான வரிசையைத் தாண்ட முடியாமல் பின்னால் வரும் பஸ்ஸும் லாரியும் தவிக்கும், பிறகு ஆபத்தான இடத்தில் தாண்டப் பார்க்கும்.

சைகைகள் நான்கு போதும். வலது கை ஆக்ஸிலேட்டரில் இருப்பதால் எல்லாமே இடது கையிலும் காலிலும்தான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் வேகத்தைக் குறை. கையை உயர்த்தினால் நிற்கப் போகிறேன். டேங்கைத் தட்டினால் பெட்ரோல் குறைவு. எந்தப் பக்கக் காலை நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் பள்ளம் அல்லது ஜல்லி. முன்னால் இருப்பவர் காட்டுவதை ஒவ்வொருவரும் பின்னால் இருப்பவருக்குக் கடத்த வேண்டும்.

பிரிவில் நிற்கும் ஆள்

இதை மட்டும் தனியாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஊத்து பிரிவில் நாங்கள் ஆறு பேர் பண்ணைக்காட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஏழாவதாக வந்த தம்பிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வேன் நுழைந்திருந்தது. அவன் நேராகப் பெருமாள்மலைப் பக்கம் போய்விட்டான். போனில் சிக்னல் இல்லை. பண்ணைக்காட்டில் எண்ணிப் பார்க்கும்போதுதான் ஒரு ஆள் குறைந்தது தெரிந்தது. அவன் எங்களைப் பிடிக்க வேண்டுமென்று முறுக்கிக்கொண்டு மேலே போக, நாங்கள் அவனைத் தேடி இறங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் நெருப்பு. திரும்பக் கண்டபோது அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வைத்த விதி இது.

எந்தப் பிரிவு வந்தாலும், திரும்பும் முன் உங்கள் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வருகிறவரின் ஹெட்லைட் தெரிந்தால் போங்கள். தெரியவில்லை என்றால் சாலையை விட்டு இறங்கி, அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே நகர வேண்டும். உங்களுக்கு முன்னால் போனவர், நீங்கள் கண்ணில் படாததால், அடுத்த பிரிவில் உங்களுக்காக நிற்பார். இப்படியே அந்த நிற்றல் முதல் ஆள் வரைக்கும் போய்ச் சேரும். யாரும் யாரையும் துரத்த வேண்டிய அவசியம் வராது. பகலிலும் ஹெட்லைட்டை எரியவிடச் சொல்வது இதற்காகவும்தான்.

ஏற்றம்

காட்ரோடு வரை நல்ல சாலை. அங்கே ஒருவர் இடது ஓரமாகவும் அடுத்தவர் சற்று வலது பக்கமாகவும், பல் வரிசை மாதிரி மாறி மாறிப் போகலாம். நேர் முன்னால் இருக்கும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி இருக்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 33 மீட்டர். மலை தொடங்கியதும் இதெல்லாம் கலைந்து ஒற்றை வரிசைதான், ஏனென்றால் வளைவில் ஒவ்வொருவருக்கும் சாலையின் இடது பாதி முழுசாக வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் செய்ய வேண்டியதையெல்லாம் வளைவுக்கு முன்பே செய்து முடித்துவிடுங்கள். வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியருக்கு வந்து, தேவையானால் முதல் கியருக்கும் வந்து, ஹாரன் ஒரு தடவை. பிறகு கழுத்தைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி அங்கேயே விழப் பார்க்கும். நடு வளைவில் கிளட்ச்சைப் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்திருங்கள். இடது பக்க வளைவில் உள்ஓரம்தான் செங்குத்து. அதை ஒட்டிப் போகாமல், உங்கள் பாதிக்குள்ளேயே ஓரடி தள்ளிப் போங்கள்.

பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்று, வளைவு முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவு பெரிய வண்டி சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டால்தான் திரும்ப முடியும்.

முன்னால் போகும் வண்டியைத் தாண்டுவது ஒவ்வொருவரின் தனி முடிவு. முன்னால் போன அண்ணன் தாண்டிவிட்டாரே என்று பின்னாலேயே போகாதீர்கள். அவருக்குக் கிடைத்த வழி உங்களுக்குக் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அவர் காத்திருப்பார்.

டம் டம் பாறையில் நிறுத்துங்கள். எதிரே தலையாறு அருவி, 297 மீட்டர், மேலிருந்து வெள்ளைக் கோடாக இறங்கும். எலிவால் அருவி என்ற பெயர் ஏன் வந்தது என்று பார்த்ததுமே புரியும். கை கால்களை உதறிக்கொள்ளவும் இது சரியான இடம்.

பண்ணைக்காடு தாண்டியதும் சாலை குறுகி, இரு பக்கமும் காபி, மரத்தில் படர்ந்த மிளகு, இடையிடையே மலைவாழை. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து சில நாளில் போனால் காபிச் செடி வெள்ளையாகப் பூத்து, ஹெல்மெட்டுக்குள்ளேயே மல்லிகை மாதிரி வாசம் வரும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் காட்டுமாடும் யானையும் நடமாடும். கண்ணில் பட்டால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன் வேண்டாம், செல்பி வேண்டாம். அது போகும் வரை நமக்கு வேலை எதுவும் இல்லை.

இறக்கம்

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விடுவதோ, பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைப்பதோ கூடவே கூடாது. இன்ஜின் தானாக இழுத்துப் பிடிக்கும் வேகம்தான் உங்கள் வேகம். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, விட்டுவிடுங்கள். தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே வரக் கூடாது.

நான் அப்படி அழுத்திக்கொண்டே இறங்கியவன். முதலில் ஒரு கருகல் நாற்றம். அடுத்த வளைவில் முன் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கிக் கைப்பிடியைத் தொட்டது, வண்டி மட்டும் நிற்கவில்லை. ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருந்தது. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, பின் பிரேக்கோடு மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறியதும் லிவர் பழையபடி இறுகியது. அந்த நாற்றம் உங்களுக்கு வந்தால் உடனே கையை உயர்த்தி நிறுத்துங்கள், குழு காத்திருக்கும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும்.

பெரும்பாறைக்குக் கீழே சாலை ஒடுக்கம். அகலம் போதாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் என்றால் மரநிழலில் பாசியும் இலைச் சருகும் வழுக்கும்.

அய்யம்பாளையத்தில் தலையை எண்ணி, கடைசி டீயைக் குடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் பிரியலாம். வீடு சேர்ந்ததும் வாட்ஸ்அப் குழுவில் "வந்துட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். அன்றைக்கு வரிசையில் கடைசி ஆளாக ஓட்டி வந்தவர் எட்டு "வந்துட்டேன்" எண்ணும் வரை போனைக் கீழே வைக்க மாட்டார்.