கீமோ நோயாளிக்குக் காய்ச்சல்: இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிபிடி (தொடர் மருத்துவக் கல்வி) புள்ளிகளுக்காக நடக்கும் புற்றுநோய் வகுப்புகளில் புது மருந்துகளையும் மரபணு மாற்றங்களையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தேவைதான். ஆனால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கிளினிக்கில் இருக்கும் இளம் மருத்துவர்கள் சறுக்குவது அதைவிட எளிய இடத்தில். ஒவ்வாமை கேட்க மறப்பது போன்ற எல்லாருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே விட்டுவிடலாம்.

டிங்கி என்று நினைத்து வீட்டுக்கு அனுப்புவது

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த ஓர் அம்மா. பத்தாம் நாள், சனிக்கிழமை இரவு, 38.4 டிகிரி காய்ச்சல். வெள்ளணுவும் குறைவு, தட்டணுவும் குறைவு. வீட்டுப் பக்கத்தில் டிங்கி வேறு. "பாரசிட்டமோல் சாப்பிடுங்கம்மா, திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம்." ஞாயிறு மதியம் ரத்த அழுத்தம் சரிந்து ஐசியூவில் கிடப்பார். ஊர் பெயர் மாறுகிறதே தவிர, கதை மாறுவதில்லை. "கடைசிக் கீமோ என்றைக்கு?" என்ற ஒரு கேள்வியில் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு எரிச்சல்.

கீமோ மருந்து, எலும்பு மஜ்ஜையில் பிரிந்து பெருகும் அணுக்களைக் கொல்கிறது. பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களில் முதிர்ந்தவற்றின் கையிருப்பு சில நாள் தாங்கும். அது தீர்ந்ததும் எண்ணிக்கை சரியும். பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டம். சீழ் என்பதே பெரும்பாலும் நியூட்ரோஃபில்தான். அது இல்லாதவருக்குச் சீழும் வராது. நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருக்கும், சிறுநீரில் சீழணு தெரியாது, புண் லேசாகச் சிவந்திருக்கும், அவ்வளவே. காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். வாந்திக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அதையும் மறைத்துவிடலாம். "காய்ச்சல் இல்ல டாக்டர், உடம்பு மட்டும் குளிருது" என்றாலும் அசட்டையாக விடாதீர்கள்.

ஒருமுறை 38.3, அல்லது ஒரு மணி நேரம் நீடிக்கும் 38.0 டிகிரி போதும். மொத்த வெள்ளணுவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: 2,000 இருந்து அதில் நியூட்ரோஃபில் 15 சதவீதம் என்றால் கணக்கு 300. 500க்குக் கீழ் என்றால் அவசரம். 1,000க்குக் கீழிருந்து இன்னும் இறங்கும் என்று தெரிந்தாலும் அப்படியே.

டிங்கியிலும் இதே அணுக்கள் குறையும். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பார்ப்பதும் இங்கே கை கொடுக்காது. கீமோவால் ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவரிடம் அந்த ஏற்றம் சாதாரண எண் போலவே தெரியும். டிங்கிக்கான என்எஸ்1 பரிசோதனை பாசிட்டிவ் என்றாலும் பாக்டீரியா இல்லை என்று ஆகாது. இரண்டுக்கும் சேர்த்தே பாருங்கள்.

கீமோ போட்ட மருத்துவமனைக்கே போகட்டும் என்று பாலத்தையும் நெரிசலையும் கடக்க வைக்காதீர்கள். அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு, கீமோ மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய கடிதத்தோடு அனுப்புங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அங்கே இரண்டு செட் ரத்த கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை), போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைத்த குழாய்) இருந்தால் ஒன்று அதிலிருந்து. 60 நிமிடத்துக்குள் ரத்தக்குழாய் வழி ஆன்டிபயாட்டிக்: சிறுநீரகம் சரியாக இருந்தால் செஃபெபிம் 2 கிராம் 8 மணிக்கொருமுறை, அல்லது பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் 6 மணிக்கொருமுறை. ரத்த முடிவு வரட்டும் என்று முதல் டோஸை நிறுத்திவைக்கக் கூடாது.

மலக்குடல் வெப்பமானி, சப்போசிட்டரி (ஆசனவாய் வழி வைக்கும் மருந்து)

நியூட்ரோஃபில் குறைந்தவருக்கு வேண்டாம்.

காய்ச்சலுக்கு டைக்ளோஃபினாக் ஊசி

தட்டணு குறைந்தவருக்கு இடுப்பில் குத்தாதீர்கள். ரத்தம் கட்டும், அங்கேயே சீழ்க்கட்டியும் வரலாம்.

ஹெப்படைட்டிஸ் பி பார்க்காமல் தொடங்குவது

மலேசியாவில் பச்சிளம் குழந்தைகளுக்கான தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. இன்று கீமோவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனை மட்டும் போதாது. பழைய தொற்றையும் காட்டும் கோர் ஆன்டிபாடியும் கேளுங்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ரிட்டுக்சிமாப் எடுப்பவரிடம் கோர் ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவாக இருந்தாலும் வைரஸ் மறுபடி எழுந்து கல்லீரலைச் சிதைக்கலாம். என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் முன்கூட்டியே தொடங்கி, ரிட்டுக்சிமாப் முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும்.

இம்யூனோதெரப்பியைக் கீமோ என்று எழுதுவது

உடலின் எதிர்ப்புச்சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரப்பி மருந்தான பெம்புரோலிசுமாப் எடுத்தவருக்கு வயிற்றுப்போக்கு என்றால், அதை நிறுத்தும் லோப்பரமைடு கொடுத்து முடித்துவிடாதீர்கள். அது எதிர்ப்புச்சக்தி குடலைத் தாக்குவதாக இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படும். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரும் என்பதால், பழைய ஊசிகளின் பெயரையும் கேட்டு கார்டில் எழுதிவையுங்கள்.

பெலாலை காஜா சாறு

புற்றுநோய்க்கென்று சிலர் குடிக்கும் மூலிகைச் சாறு இது. நோயாளி தானாகச் சொல்லமாட்டார். திட்டாமல் கேளுங்கள்.