பிடிக்காத இசைக்குழுவைப் பற்றி எழுதும்போது செய்யும் தவறுகள்

இசை விமர்சனம் எழுத வருகிறவர்களின் முதல் பிரதிகளைச் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அநேகமாக எல்லாருக்கும் ஒரே ஆசைதான். நிறைய விற்ற, ஊரே கேலி செய்கிற ஒரு குழுவை எடுத்து அடித்து நொறுக்க வேண்டும். போன மாதம் வந்த மூன்று பிரதிகளில் இரண்டு நிக்கல்பேக் என்ற கனடா ராக் குழுவைப் பற்றி, ஒன்று கோல்ட்ப்ளே என்ற பிரிட்டிஷ் குழுவைப் பற்றி. படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. ஒவ்வொரு பத்தியிலும் நான் எழுதத் தொடங்கிய காலத்தில் செய்த தவறு ஒன்று இருந்தது.

பெயரை மாற்றி எழுதுவது, ஆண்டைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் அச்சுக்குப் போய்விடுகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விற்றதெல்லாம் பாப் என்று நினைப்பது

'பாப்' என்ற சொல் 'பாப்புலர்' என்பதன் சுருக்கம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பலர் கேட்கிற இசை என்பது ஒரு பொருள். 1950களின் நடுவிலிருந்து தனியாக வளர்ந்த ஓர் இசை வகை என்பது இன்னொரு பொருள். புதிதாக எழுதுகிறவர்கள் ஒரே பத்தியில் இந்த இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருப்பார்கள். தாவுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

மெட்டாலிகாவின் 1991 ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அது ஹெவி மெட்டல். பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் எழுநூறு வாரங்களுக்கு மேல் இருந்தது. அதையும் யாரும் பாப் என்று சொல்லமாட்டார்கள். இதற்கு நேர் எதிராக, பிக் ஸ்டார் என்ற குழு 1972இல் போட்ட முதல் ஆல்பம் கடைக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. மிகக் குறைவாகத்தான் விற்றது. ஆனால் கேட்டுப் பாருங்கள், பல்லவி, குரல்களின் அடுக்கு, கிட்டாரின் மினுமினுப்பு என்று அது முழுக்க முழுக்கப் பாப் இலக்கணத்தில் இருக்கிறது. விற்காத பாப் உண்டு, பாப் அல்லாத பெருவிற்பனையும் உண்டு.

வகையாகப் பார்த்தால் சில அடையாளங்கள் சொல்லலாம். பாடல் குறுகியது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பிடிக்கும். 1949இல் 45 சுழற்சித் தட்டு வந்த பிறகும் அந்த அளவு பழக்கமாகவே தங்கிவிட்டது. அடுத்தது, பல்லவிதான் பாடலின் நடு மையம். மற்றதெல்லாம் அதை நோக்கி நம்மைக் கூட்டிப்போவதற்காக இருக்கிறது. வாசிப்பவரின் திறமையைவிடக் குரலுக்கும் மெட்டுக்கும்தான் முதலிடம். மேடையில் எப்படி ஒலிக்கும் என்பதைவிட ஒலிப்பதிவு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். எல்லாப் பாப் பாடலுக்கும் இத்தனையும் பொருந்தாது. ஆனாலும் விற்பனைக் கணக்கைவிட இது நல்ல அளவுகோல்.

பிரதி கொண்டுவருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன். விற்பனை எண்ணிக்கைகளை எல்லாம் அடித்துவிட்டு, அந்தக் குழுவைப் பாப் என்று உங்களால் இன்னும் நிறுவ முடிகிறதா? முடிந்தால் எழுதுங்கள்.

பாப் என்பதை வசவாகப் பயன்படுத்துவது

வேண்டாம். அது வகையின் பெயர்.

கடன் வாங்கிய வெறுப்பு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் பேச வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஒரு தவறை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

எழுத வந்த புதிதில் ஓர் இதழ் என்னிடம் பழைய குழுக்களைப் பற்றிய தொடர் ஒன்றைக் கேட்டது. முதல் கட்டுரையில் பீ ஜீஸை எடுத்துக்கொண்டேன். டிஸ்கோ என்ற 1970களின் நடன இசை அலை தூக்கிவிட்ட குழு, அலை வடிந்ததும் காணாமல் போய்விட்டது என்று எழுதினேன். நான் கேட்டிருந்ததெல்லாம் 1977 திரைப்படம் ஒன்றின் இசைத்தொகுப்பில் இருந்த நான்கைந்து பாடல்கள்தான். 1978இல் தொடர்ந்து 24 வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த தொகுப்பு அது. என்னோடு பழகிய எல்லாரும் அந்தக் குழுவைக் கேலி செய்வார்கள். வெள்ளை உடையையும் உச்சத்தில் ஏறுகிற கள்ளக்குரலையும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பையே கட்டுரையாக்கினேன்.

கட்டுரை வெளியான இரண்டாவது வாரம் ஒரு வாசகர் கடிதம் வந்தது. கையால் எழுதிய நான்கு பக்கம். ஒரு கடுஞ்சொல் கூட இல்லை. அந்தக் குழுவின் சகோதரர்கள் மூவரும் சிறுவர்களாகவே ஆஸ்திரேலியாவில் பாடி வளர்ந்தவர்கள், டிஸ்கோ வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1967இல், பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர்கள் என்று அவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்துப் பாடல்கள் பெரும்பாலும் சோகமான, நிதானமான பாடல்கள். நான் கேலி செய்த கள்ளக்குரல் 1975இல் மயாமியில் ஆரிஃப் மார்டின் தயாரித்த ஆல்பத்தில்தான் அவர்களுடைய முத்திரையாகத் தலையெடுத்தது. அதற்கு முன்னால் அவர்களுக்கு ஏறக்குறைய ஒரு முழு வாழ்க்கையே இருந்திருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. அதே கட்டுரையின் தொடக்கத்தில், நன்றாகக் கட்டப்பட்ட பாடலுக்கு எடுத்துக்காட்டாக, கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் சேர்ந்து பாடி 1983இல் முதலிடம் பிடித்த பாடலைப் பாராட்டியிருந்தேன். அதை எழுதியவர்கள் பீ ஜீஸ் சகோதரர்கள். எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் என் காது பாராட்டியவர்களையே மூன்றாம் பக்கத்தில் என் வாய் ஏசியிருக்கிறது.

இதழாசிரியர் கடிதத்தை முழுமையாக வெளியிட்டார். தொடரை அத்தோடு நிறுத்தினார். அவர் செய்தது சரி. தொடர் போனது எனக்குப் பெரிய இழப்புதான், ஆனால் அதைவிடப் பெரியது வேறு. அந்த 1960களின் ஆல்பங்களை நான் கேட்காமலே விட்ட ஆண்டுகள் திரும்பி வரவில்லை.

அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். 1979 ஜூலை 12 அன்று, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில், ஒயிட் சாக்ஸும் டெட்ராய்ட் டைகர்ஸும் ஒரே நாளில் ஆட வேண்டிய இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார். தட்டு ஒன்றைக் கொண்டுவந்தவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அங்கே பணியாளராக இருந்த வின்ஸ் லாரன்ஸ் பின்னாளில் ஹவுஸ் என்ற நடன இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். அன்று மக்கள் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்று அவர் சொல்லியிருக்கிறார். டிஸ்கோ வளர்ந்ததே கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் கூடி ஆடிய இடங்களில்தான். இசையின் மேல் வந்த சலிப்போடு வேறு சிலவும் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. நான் யோசிக்காமல் இரவல் வாங்கியது அதையும் சேர்த்துத்தான்.

அந்த எதிர்ப்பு அலைக்குப் பிறகு அமெரிக்க வானொலிகள் பீ ஜீஸைத் தவிர்த்தன. சகோதரர்கள் பிறருக்குப் பாடல் எழுதினார்கள். 1980இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட், 1982இல் டியோன் வார்விக், அப்புறம் நான் பாராட்டிய அந்த ஜோடிப் பாடல். காணாமல் போனவர்கள் என்று நான் எழுதிய அதே ஆண்டுகளில், வானொலி முழுக்க அவர்களுடைய மெட்டுகள் அடுத்தவர் குரலில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

சரி, நிக்கல்பேக் பிரதிகளில் ஒன்றுக்கு வருகிறேன். எழுதிய இளைஞரிடம், "எந்த ஆல்பத்தை முழுசாகக் கேட்டீர்கள்?" என்றேன். "பாட்டெல்லாம் தெரியும் சார்" என்றார். ஆல்பத்தின் பெயர் வரவில்லை. 2011இல் டெட்ராய்ட்டில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் அந்தக் குழு வாசிக்கக் கூடாது என்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டதை மட்டும் விரிவாக எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்துகள் ஒரு சமூகச் செய்தி. இசையைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

அதே குழுவின் மேல் வைக்கப்பட்ட இன்னொரு குற்றச்சாட்டை மதிக்கிறேன். அவர்களுடைய 2001 பாடலையும் 2003 பாடலையும் யாரோ ஒருவர் ஒரே நேரத்தில், இடது காதில் ஒன்றும் வலது காதில் ஒன்றுமாக ஓடவிட்டார். இரண்டும் அமைப்பில் அப்படியே ஒன்றோடொன்று பொருந்தின. அந்த மனிதர் கேட்டிருக்கிறார். கேட்டதால்தான் அது உறைத்தது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். குறைந்தது இரண்டு ஆல்பம், முழுசாக. அதில் ஒன்று அந்தக் குழு புகழ் பெறுவதற்கு முன்னால் வந்ததாக இருக்கட்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பது கணக்கில் வராது. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அந்த வெறுப்பு உங்களுடையது, தாராளமாக எழுதுங்கள்.

அலுப்பை வெறுப்பு என்று எண்ணிக்கொள்வது

2014 செப்டம்பரில் யூ2 குழுவின் புதிய ஆல்பத்தை ஆப்பிள் நிறுவனம் சுமார் 50 கோடி ஐட்யூன்ஸ் கணக்குகளில், யாரும் கேட்காமலே சேர்த்தது. ஒரே வாரத்துக்குள் அதை நீக்குவதற்கென்று தனி வழி ஒன்றைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. குழுவின் பாடகர் போனோ பிற்பாடு மன்னிப்பும் கேட்டார். அந்த நாட்களில் வந்த கண்டனங்களில் பெரும்பாலானவை ஆல்பம் வந்து சேர்ந்த விதத்தைப் பற்றியவை. ஆனால் அவை இசை விமர்சனம் போலவே எழுதப்பட்டிருந்தன.

கனடாவில் நிக்கல்பேக் மேல் வந்த சலிப்புக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. 1999 முதல் அங்கே வணிக வானொலிகள் ஒலிபரப்பும் பாப், ராக் பாடல்களில் 35 விழுக்காடு கனடா நாட்டுப் படைப்பாக இருக்க வேண்டும். சொந்த நாட்டில் பெரிய வெற்றி பெற்ற குழு என்றால் நாளுக்கு எத்தனை முறை காதில் விழும் என்று நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல பாடலும் அதைத் தாங்காது. ஒரு பாடல் எரிச்சலூட்டும்போது, இதை முதல் முறை கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். முதல் முறையே பிடிக்காதது வேறு, நூறாவது முறை சலித்தது வேறு.

"அவர்களே வாசிக்கவில்லை"

பாப் குழுக்களைக் குறைசொல்ல இதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். 1966இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகச் சேர்க்கப்பட்ட மங்கீஸ் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களில் கருவிகளைப் பெரும்பாலும் வாசித்தவர்கள் ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்கள். உண்மைதான். அதை வைத்து அவர்களைப் போலி என்கிறவர்கள், எல்லாரும் மதிக்கிற பைர்ட்ஸ் குழு 1965இல் போட்ட முதல் வெற்றிப் பாடலைக் கவனிக்க வேண்டும். அதில் கருவி வாசித்த ஒரே உறுப்பினர் ரோஜர் மெக்வின். மற்றவை எல்லாம் கூலிக்கு வந்த கலைஞர்களின் வாசிப்பு. மங்கீஸோ, தங்கள் உரிமைக்காகச் சண்டை போட்டு, 1967இல் மூன்றாவது ஆல்பத்தைப் பெரும்பாலும் தாங்களே வாசித்துப் பதிவு செய்தார்கள். அதுவும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. யார் வாசித்தார்கள் என்பது வரலாற்றுக்கு வேண்டிய தகவல். நமக்குப் பிடிக்காத குழுவிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமில்லை.

ரசிகர்களைத் திட்டுவது

அந்தப் பத்தியை வெட்டுங்கள். ரசிகர்களைப் பற்றி எழுதக் கேட்கவில்லை.

"ஒரே நான்கு கார்ட்கள்"

எல்லாப் பாட்டிலும் அதே நான்கு கார்ட்கள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள், என்று குறை சொல்வார்கள். ப்ளூஸ் இசையில் மூன்று போதும்.

மறுபக்கம் சாய்ந்துவிடுவது

மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறார்கள். ஸ்வீடனின் ஆபா குழுவை எடுத்துக்காட்டுவார்கள். 1974இல் யூரோவிஷன் பாடல் போட்டியை வென்றபோது தீவிர விமர்சகர்கள் பலர் அவர்களை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1992இல் தொகுப்பு வந்ததும் புதிய தலைமுறை கேட்டது. 2010இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆகவே எல்லா வெறுப்பும் தவறு, விற்ற எல்லாமே நல்லது, காலம் நிரூபிக்கும் என்கிறார்கள். இதுவும் கேட்காமல் சொல்கிற தீர்ப்புதான். ஆபாவின் குரல் அடுக்குகள் அன்றும் அதே பாடல்களில்தான் இருந்தன. காது கொடுத்தவர்களுக்குக் கேட்டது. விற்ற ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அப்படி ஒன்று ஒளிந்திருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

அந்த இளைஞர் இரண்டு வாரம் கழித்துப் பிரதியைத் திரும்பக் கொண்டுவந்தார். 1996இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கி நான்கு ஆல்பம் கேட்டிருக்கிறார். இன்னும் பிடிக்கவில்லையாம். ஐம்பதாயிரம் கையெழுத்து போய்விட்டது. அதற்குப் பதிலாக, எந்தெந்தப் பாடலில் எத்தனையாவது நொடியில் கிட்டார் அடங்குகிறது, பல்லவிக்கு எங்கே பாய்கிறது, அந்தப் பாய்ச்சல் ஏன் மூன்றாவது பாடலிலேயே தனக்கு வேலை செய்யாமல் போகிறது என்று எழுதியிருந்தார். ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பினேன்.